முதல் போக்கர் டோர்னமெண்ட்: எப்போது, எவ்வளவு பெட் கட்டுவது?

கையில் இரண்டு ராஜா. பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் முறைவைத்துக் கட்டாயமாகக் கட்டும் சின்னத் தொகையும் பெரிய தொகையும்) 200/400. எனக்கு முன்னால் இருந்தவர் பெட்டை 1,000 ஆக உயர்த்தி ரெய்ஸ் செய்திருந்தார். அதை 5,000 ஆக்கிவிடலாம் என்று 5,000 சிப் ஒன்றை எடுத்து, வாயைத் திறக்காமல், கெத்தாக முன்னால் வைத்தேன். டீலர் 'கால்' (அவர் கட்டிய அளவுக்கு மட்டும் கட்டுவது) என்று சொல்லிவிட்டு நான்கு 1,000 சிப்பை என் பக்கம் தள்ளினார். ஒற்றைச் சிப்பைச் சொல்லாமல் வைத்தால் அது கால்தான், ரெய்ஸ் ஆகாது. அந்த விதியை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். எனக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் உள்ளே வந்தார்கள். ஃப்ளாப்பில் (மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும் மூன்று சீட்டு, பிறகு ஒவ்வொன்றாக இன்னும் இரண்டு வரும்) முதல் சீட்டே ஏஸ். அப்போதும் விடவில்லை. ஒரு பெட் கட்டினேன், அப்புறம் இன்னொன்று, அப்புறம் மொத்தமும். ஏஸ் வைத்திருந்தவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, தன் ஜூஸைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

விமானம், அறை, நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து அந்தக் கோவா பயணத்துக்கு ஆன செலவு 22,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. மேசையில் உட்கார்ந்திருந்தது இரண்டு மணி நேரம்கூட இல்லை. சென்னைக்குத் திரும்பி வந்து ஒரு வருஷம் நோட்டுப் போட்டு எழுதி, கணக்குப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு ஆடிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். எந்தக் கை எந்தக் கையை வெல்லும் என்பது உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். தெரியாவிட்டால் அரை மணி நேரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம், அது கஷ்டமே இல்லை. எவ்வளவு கட்டுவது என்பதில்தான் எல்லோரும் விழுகிறோம்.

சொற்கள் பற்றி ஒன்று. நம்மூரில் ரம்மி ஆடி வளர்ந்தவர்கள் ஆட்டத்திலிருந்து விலகிக் கையை வைத்துவிடுவதை 'ஸ்கூட்' என்போம். நானும் அப்படியே எழுதுகிறேன், மேசையில் 'ஃபோல்ட்' என்று சொல்லுங்கள். நடுவில் சேரும் சிப்புகளைப் 'பாட்' என்பார்கள். 'பாட்டில்' என்று எழுதினால் உங்களுக்கு வேறு ஞாபகம் வரும் என்பதால் அதைக் 'குவியல்' என்று வைத்துக்கொள்கிறேன்.

1. எங்கே ஆடலாம், எங்கே கூடாது

இதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். காசு கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகள் எல்லாவற்றையும், திறமை விளையாட்டோ அதிர்ஷ்ட விளையாட்டோ, மத்திய அரசின் 2025ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. அந்த ஆகஸ்ட் 22இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்ததும் இந்தியத் தளங்கள் காசு ஆட்டத்தை நிறுத்தின. அதனால் 'போக்கரைத் திறமை விளையாட்டு என்று நீதிமன்றமே சொல்லியிருக்கிறதே' என்று யாராவது பழைய கதை சொன்னால் தலையாட்டிவிட்டு நகருங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பெயருக்கு இலவச ஆப். ஆனால் வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ ஒரு 'ஏஜென்ட்' இருப்பார், யுபிஐயில் பணம் அனுப்பினால் சிப் ஏற்றிவிடுவார். அதுவும் காசு ஆட்டம்தான். ஜெயித்தால் அந்த ஏஜென்ட் ஃபோன் எடுப்பாரா என்பது அவர் மனசைப் பொறுத்தது. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

தமிழ்நாட்டில் உரிமம் பெற்ற கேசினோ எதுவும் இல்லை. காசு வைத்துச் சீட்டாடும் கிளப்புகளில் போலீஸ் நுழையும் செய்தியை நாமே பேப்பரில் படித்திருக்கிறோம். சென்னையில் காசில்லாமல் பழகுங்கள், நுழைவுக் கட்டணம் கட்டி ஆட வேண்டுமென்றால் உரிமம் உள்ள இடத்துக்குப் போங்கள். நமக்குப் பக்கம் கோவா. விமானத்தில் ஒன்றரை மணி நேரம்.

2. பணமும் பேப்பரும்

ஒரு டோர்னமெண்ட்டின் கட்டணத்தை '5,000 + 500' என்பதுபோல் போட்டிருப்பார்கள். முதல் எண் பரிசுத் தொகைக்குப் போவது, இரண்டாவது நடத்துபவருக்கு. இரண்டாவது எண் முதல் எண்ணில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 10 சதவீதத்தைத் தாண்டினால் யோசியுங்கள், 20 என்றால் வேண்டாம்.

'ரீ-என்ட்ரி' உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் வெளியேறியவர் மறுபடி முழுக் கட்டணம் கட்டி உள்ளே வரலாம். தோற்ற சூட்டில் பையிலிருக்கும் கார்டு தானாக வெளியே வரும். 'ஒரு தடவைதான்' என்றோ 'இரண்டு தடவை' என்றோ சென்னையில் கிளம்பும்போதே முடிவு செய்து, அந்தப் பணத்தை மட்டும் எடுத்துப் போங்கள். பரிசு வாங்குவது பொதுவாக நூறு பேரில் 10 முதல் 15 பேர்தான். நன்றாக ஆடுபவரும் தொடர்ந்து பத்துப் பதினைந்து முறை வெறுங்கையோடு திரும்புவது சாதாரணம். போனால் போகட்டும் என்று விடக்கூடிய பணமா? அப்படியென்றால் சரி. லோன் ஆப்பில் எடுத்த பணம் என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடுங்கள்.

ஆவணங்கள்: புகைப்படத்தோடு கூடிய அசல் அடையாள அட்டை (ஆதார், பாஸ்போர்ட் அல்லது ஓட்டுநர் உரிமம்), பான் கார்டு. ஃபோனில் இருக்கும் புகைப்படத்தை நம்பிப் போகாதீர்கள். கோவா கேசினோவுக்குள் நுழைய 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு இரண்டையும் அறையிலேயே விட்டுவிடுங்கள்.

பான் கார்டு எதற்கென்றால், பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவீத வரியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். கணக்குத் தாக்கல் செய்யும்போது செஸ்ஸும் சேர்ந்து 31.2 ஆகும். விமான டிக்கெட், போன மாதத் தோல்வி எதையும் இதில் கழிக்க முடியாது. வருமான வரம்புக்குக் கீழே இருக்கிறேன் என்ற சலுகையும் இந்த வருமானத்துக்குக் கிடையாது. பிடித்த வரிக்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள், உங்கள் வரிக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

நேரம்: மோப்பா விமான நிலையத்திலிருந்து பணஜிக்கு ஏறக்குறைய 35 கிலோமீட்டர். மாண்டவி ஆற்றில் நிற்கும் கப்பல் கேசினோ என்றால் கரையிலிருந்து படகில் வேறு போக வேண்டும். டோர்னமெண்ட் மதியம் 3 மணிக்கு என்றால் காலை விமானத்தைப் பிடியுங்கள். தாமதமாக வந்தாலும் பிளைண்ட் சில லெவல் ஏறும் வரைக்கும் சேர்த்துக்கொள்வார்கள். அனுபவசாலிகள் சிலர் வேண்டுமென்றே அப்படி வருவார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். பழகுவதற்குக் கிடைக்கும் மலிவான நேரமே அந்த முதல் இரண்டு மணி நேரம்தான்.

3. ஒரு மாதம் மொட்டை மாடியில்

எங்கள் மேசை வேளச்சேரியில், ஒரு நண்பன் வீட்டு மொட்டை மாடியில். பாரிமுனைப் பக்கம் வாங்கிய பிளாஸ்டிக் சிப். அது போதாத நாளில் வீட்டிலிருந்து அவனுடைய சித்தப்பா புளியங்கொட்டை எடுத்து வருவார், ஒரு கொட்டை 100 சிப். ஃபோனில் 15 நிமிட அலாரம், அடித்ததும் பிளைண்டை ஏற்றுவோம். காசு கிடையாது.

காசில்லாவிட்டால் எல்லோரும் எல்லாவற்றையும் கால் செய்வார்கள், கற்றுக்கொள்ள எதுவும் இருக்காது. அதற்கு நாங்கள் ஒரு வழி வைத்தோம். முதலில் வெளியேறுபவர் அன்றைக்கு முழுக்க டீலர், டீ டம்ளரும் அவர்தான் கழுவ வேண்டும். ஆட்டம் உடனே ஒழுங்காகிவிட்டது.

டீலராக உட்கார்வது தண்டனை மாதிரித் தெரியும், ஆனால் மேசை விதிகளை நான் அங்கேதான் கற்றேன். குவியலில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று ஒவ்வொரு சுற்றிலும் மனசுக்குள் கூட்டிக்கொண்டே வாருங்கள். அது வராமல் கீழே சொல்லும் எதுவும் வராது.

4. சிப்பைப் பிளைண்டில் எண்ணுங்கள்

தொடக்கத்தில் 20,000 சிப் கொடுக்கிறார்கள், பிளைண்ட் 100/200 என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் 100 பெரிய பிளைண்ட் இருக்கிறது. இரண்டு மணி நேரம் கழித்துப் பிளைண்ட் 500/1,000. நீங்கள் ஒரு சிப்பைக்கூட இழக்கவில்லை, அதே 20,000. ஆனால் இப்போது அது 20 பிளைண்ட்தான். கண்ணுக்குக் குவித்து வைத்தது குவித்தபடியே இருக்கும், உள்ளுக்குள் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும்.

அதோடு பெரும்பாலான இடங்களில் பெரிய பிளைண்ட் கட்டுபவர் அதே அளவு 'ஆன்டி' என்ற கூடுதல் கட்டாயத் தொகையும் கட்ட வேண்டும். அப்படியென்றால் ஒரு சுற்றுக்கு 500 + 1,000 + 1,000, மொத்தம் 2,500. எதுவும் ஆடாமல் உட்கார்ந்திருந்தால் எட்டுச் சுற்றில் கதை முடிந்தது.

ஆகவே சீட்டைப் பார்க்கும் முன்பே 'எனக்கு எத்தனை பிளைண்ட்?' என்று கேளுங்கள். கூடவே, எதிரில் இருப்பவருக்கு எத்தனை என்றும் பாருங்கள். உங்களிடம் 80 இருந்து அவரிடம் 12தான் இருந்தால், அந்த ஆட்டம் 12 பிளைண்ட் ஆட்டம். இருவரில் யாரிடம் குறைவோ அதுதான் கணக்கு.

5. ஃப்ளாப்புக்கு முன்: ரெய்ஸ் அல்லது ஸ்கூட்

ரம்மியில் முதலிலேயே ஸ்கூட் விட்டால் 20, நடுவில் விட்டால் 40, மாட்டிக்கொண்டால் 80. நம்மில் எத்தனை பேர் அந்த 20ஐக் கொடுக்க மனசில்லாமல் 80 வாங்கியிருப்போம்! போக்கரில் முதல் ஸ்கூட் பெரும்பாலும் இலவசம். பிளைண்டில் இல்லாவிட்டால் ஒரு சிப்கூடப் போகாது. இதைவிட நல்ல சலுகை எந்தச் சீட்டாட்டத்திலும் இல்லை.

யாரும் இன்னும் ரெய்ஸ் செய்யவில்லை, உங்களுக்கு ஆட வேண்டும் போலிருக்கிறது என்றால், வெறும் பிளைண்டைக் கட்டி நுழையாதீர்கள். 2 முதல் 2.5 பிளைண்ட் ரெய்ஸ் செய்யுங்கள். முன்னாலேயே ஒருவர் வெறுமனே நுழைந்திருந்தால் அவருக்காக ஒரு பிளைண்ட் கூட்டிக்கொள்ளுங்கள். நல்ல கைக்கு 4, சுமாரான கைக்கு 2 என்று மாற்றி மாற்றிக் கட்டாதீர்கள். மேசையில் இருக்கும் எல்லோரும் மூன்றாவது முறையே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒருவர் ரெய்ஸ் செய்தபின் அதற்கு மேல் நீங்கள் ரெய்ஸ் செய்வதாக இருந்தால்: ஃப்ளாப்புக்குப் பிறகு அவருக்குப் பின்னால் பேசும் (முறை வரும்) இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால் அவர் கட்டியதைப்போல் மூன்று மடங்கு, முன்னால் பேச வேண்டிய இடம் என்றால் நான்கு மடங்கு. என் இரண்டு ராஜாவுக்கு 3,000 என்று வாயால் சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

முதலில் பேசும் இருக்கைகளில் உட்கார்ந்திருந்தால் கஞ்சனாக இருங்கள். எட்டு ஜோடிக்கு (இரண்டு எட்டு) மேல், ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி, அவ்வளவு போதும். கடைசியாகப் பேசும் இருக்கைக்கு வர வரக் கையைத் தளர்த்தலாம். 'எனக்குப் பிடித்த சீட்டு' என்று ஏழும் ஐந்துமாக உள்ளே வருவது மொட்டை மாடியோடு போகட்டும்.

சின்ன ஜோடி தனிக் கேஸ். ஐந்து ஜோடி வந்தால் ஃப்ளாப்பில் மூன்றாவது ஐந்து விழுவது எட்டு அல்லது ஒன்பது தடவைக்கு ஒரு தடவைதான். 1,000 கட்டி அதைத் தேடப் போனால், விழுந்த அன்றைக்குக் குறைந்தது 15,000 வாங்க முடிய வேண்டும். எதிராளியிடம் மொத்தமே 6,000தான் என்றால் எதற்குப் போகிறீர்கள்?

6. ஃப்ளாப்புக்குப் பின்: இந்தப் பெட் எதற்கு?

பெட் கட்டும் முன் இரண்டு கேள்வி. என்னைவிட மோசமான கை எது இதைக் கால் செய்யும்? என்னைவிட நல்ல கை எது இதற்கு ஸ்கூட் விடும்? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் செக் (எதுவும் கட்டாமல் முறையை விடுவது) சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

என் இரண்டு ராஜாவையே எடுங்கள். ஐந்து பேர், நடுவில் ஏஸ். நான் பெட் கட்டினால் யார் கால் செய்வார்கள்? ஏஸ் வைத்திருப்பவர். பத்து ஜோடி வைத்திருப்பவர்? போய்விடுவார். அதாவது நான் வெல்ல வேண்டியவர்களை எல்லாம் விரட்டிவிட்டு, என்னை வெல்பவரை மட்டும் பிடித்து உட்கார வைத்துப் பணம் கொடுத்திருக்கிறேன்.

இனி அளவு. குவியலில் 3,000 என்று வையுங்கள்.

நடுவில் ராஜா, 7, 2. ஒன்று இஸ்பேடு, ஒன்று டைமண்ட், ஒன்று கிளாவர். இதில் யாரும் எதையும் துரத்த முடியாது. உங்களிடம் ஏஸ்-ராஜா இருந்தால் 1,000 போதும். ஏழு வைத்திருப்பவர் அதற்குக் கால் செய்வார், அதுதானே வேண்டும்.

நடுவில் ஜாக்கி, 10, 8, அதில் இரண்டு இஸ்பேடு. இங்கே பாதி மேசை எதையோ துரத்திக்கொண்டிருக்கும். 1,000 கட்டினால், துரத்துபவர் 1,000 கொடுத்து 4,000க்குக் குறி வைக்கிறார். அவருக்கு ஐந்தில் ஒரு முறை விழுந்தாலே முதல் தேறிவிடும். இஸ்பேடுக்குக் காத்திருப்பவருக்கு அடுத்த சீட்டில் அது விழுவதும் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு முறை! நீங்களே நியாய விலைக் கடை நடத்துகிறீர்கள். 2,000 கட்டுங்கள். இப்போது அவருக்கு நூறில் 29 முறை விழ வேண்டும், விழாது. அப்படியும் வந்தால் வரட்டும், அதில் லாபம் உங்களுக்குத்தான்.

உங்கள் கை உறுதியானது, மொத்தச் சிப்பையும் உள்ளே தள்ள வேண்டும் என்றால் முன்கூட்டியே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். குவியல் 3,000, உங்களிடம் 10,000. ஃப்ளாப்பில் 1,500 கட்டி ஒருவர் வந்தால் குவியல் 6,000. அடுத்த சீட்டில் 3,000 கட்டினால் 12,000. மீதி 5,500, கடைசிச் சீட்டில் அது குவியலில் பாதிகூட இல்லை, கால் செய்ய யாருக்கும் கை வரும். ஃப்ளாப்பில் 500 கட்டிவிட்டுக் கடைசியில் 9,500ஐத் தள்ளினால் ஒருவரும் வரமாட்டார்.

புதியவர்கள் அதிகம் விழும் குழி இதற்கு நேர் எதிர். 9,000 சிப் வைத்துக்கொண்டு 6,000 பெட் கட்டுவது. எதிராளி ஆல்-இன் (இருக்கும் சிப் மொத்தமும்) என்றதும் மிச்சமிருக்கும் 3,000ஐப் பார்த்து 'இனிமே என்ன, போட்டுடலாம்' என்று கண்ணை மூடிக்கொண்டு போடுவது. கட்டப் போகும் பெட் உங்கள் சிப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுகிறதென்றால் அப்போதே நின்று யோசியுங்கள்: முழுவதும் போடுவேனா? இல்லையென்றால் செக்.

பிளஃப் பற்றி. குவியல் 4,000, நீங்கள் 2,000 கட்டிப் பொய் சொல்கிறீர்கள். மூன்றில் ஒரு முறை அவர் ஸ்கூட் விட்டாலே நஷ்டமில்லை. கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? ஆனால் அந்தக் கணக்கு சித்தப்பாவுக்குச் செல்லாது. எங்கள் மேசையில் அவர் ஸ்கூட் விட்டதே கிடையாது. இரண்டு ஜோடி இருந்தாலும் ஒன்றுமே இல்லாவிட்டாலும் 'பாத்துருவோமே' என்பார். அவரிடம் நான் இழந்த புளியங்கொட்டையில் ஒரு மாதம் குழம்பு வைக்கலாம். எந்த மேசையிலும் ஒரு சித்தப்பா இருப்பார். முதல் அரை மணி நேரத்தில் அவர் யார் என்று கண்டுபிடியுங்கள். அவருக்கு எதிராக உங்களிடம் நல்ல கை இருந்தால் பெரிதாகக் கட்டுங்கள், இல்லாவிட்டால் கட்டவே கட்டாதீர்கள். மூன்று பேருக்கு எதிராக பிளஃபும் வேண்டாம். மூவரில் ஒருவராவது எதையாவது வைத்திருப்பார்.

7. எதிராளி கட்டினால்

குவியலில் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் உங்களுக்கு 20 சதவீத வாய்ப்பு வேண்டும். பாதி கட்டினால் 25. முழுக் குவியலையும் கட்டினால் 33. இந்த மூன்று எண்ணையும் மனப்பாடம் செய்துவிடுங்கள், மேசையில் வகுத்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

உங்கள் வாய்ப்பை எண்ணுவது சுலபம். உங்களைக் காப்பாற்றும் சீட்டுகளை எண்ணுங்கள். ஒரு சீட்டு வர வேண்டியிருந்தால் இரண்டால் பெருக்குங்கள், இரண்டு சீட்டு என்றால் நான்கால். நான்கு ஆர்ட்டின் சேர்ந்து ஐந்தாவதுக்குக் காத்திருந்தால் மிச்சம் ஒன்பது. கடைசி ஒரு சீட்டுக்கு 18 (உண்மையில் 19.6). இரு முனையும் திறந்த வரிசைக்கு எட்டு சீட்டு. நடுவில் ஓட்டை உள்ள வரிசைக்கு நான்கே நான்கு, நூறில் ஒன்பது முறைகூட வராது. 'வரும் மாதிரித் தோணுது' என்று சொல்லி நான் துரத்தியதெல்லாம் இந்த நான்கைத்தான்.

குவியல் 6,000, அவர் 3,000 கட்டுகிறார், உங்களுக்கு நான்கு ஆர்ட்டின், ஒரே சீட்டு பாக்கி. தேவை 25, இருப்பது 20. ஸ்கூட். விழுந்தபின் அவர் இன்னும் பெரிதாகக் கொடுப்பார் என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் போகலாம்.

நான்கால் பெருக்குவதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஃப்ளாப்பிலேயே யாராவது ஆல்-இன், இனிமேல் காசு கேட்க மாட்டார்கள் என்றால்தான் இரண்டு சீட்டும் உங்களுக்கு. இல்லாவிட்டால் அடுத்த சீட்டு வந்ததும் இன்னொரு பெட் வரும். ஆகவே இரண்டால் பெருக்குங்கள்.

8. பத்துப் பிளைண்டுக்குக் கீழே

இங்கே வந்துவிட்டால் சின்ன ரெய்ஸ் என்பதே கிடையாது. ஆல்-இன் அல்லது ஸ்கூட். எட்டு பிளைண்ட் வைத்துக்கொண்டு 2.5 ரெய்ஸ் செய்துவிட்டு, யாரோ மிரட்டியதும் கையை வைத்தால் மூன்றில் ஒரு பங்கு சும்மா போய்விடும்.

500/1,000, ஆன்டி 1,000. யாரும் ஆடுவதற்கு முன்பே நடுவில் 2,500 கிடக்கிறது. உங்களிடம் 8,000. ஆல்-இன் என்று சொல்லி எல்லோரும் ஸ்கூட் விட்டால் சீட்டைக் காட்டாமலே சிப் 31 சதவீதம் கூடிவிட்டது. கடைசி இருக்கையில் இருந்து, அதுவரை யாரும் வரவில்லையென்றால், எந்த ஏஸும், எந்த ஜோடியும், பத்துக்கு மேல் இரண்டு சீட்டும் இதற்குப் போதும்.

அதே கையோடு இன்னொருவருடைய ஆல்-இன்னைக் கால் செய்வது வேறு விஷயம். தள்ளுபவருக்கு ஜெயிக்க இரண்டு வழி: எல்லோரும் போய்விடலாம், அல்லது சீட்டு ஜெயிக்கலாம். கால் செய்பவருக்குச் சீட்டு மட்டும்தான். அதற்கு இன்னும் நல்ல கை வேண்டும்.

'நல்ல சீட்டு வரட்டும்' என்று உட்காராதீர்கள். இரண்டு ஏஸ் 221 தடவைக்கு ஒரு முறை. ஏதாவது ஒரு ஜோடிகூட 17 தடவைக்கு ஒரு முறைதான். உங்களிடம் மூன்று சுற்றுதான் இருக்கிறது.

9. பரிசு தொடங்கும் இடம்

இதுதான் எனக்குப் புரிய அதிக நாள் ஆனது. சிறிய எண்களில் போட்டுப் பார்த்துத்தான் மண்டையில் ஏறியது.

நான்கு பேர் மிச்சம், எல்லோரிடமும் ஒரே அளவு சிப். பரிசு மூன்று பேருக்கு: 50, 30, 20. இந்த நிலையில் ஒவ்வொருவரின் பங்கும் 25 பெறும். இப்போது ஒருவர் ஆல்-இன் போடுகிறார், நீங்கள் கால் செய்து ஜெயித்தால் சிப் இரண்டு மடங்கு. பங்கும் 50 ஆகிவிடுமா? ஆகாது. முதல், இரண்டு, மூன்று இடங்கள் கிடைக்கும் வாய்ப்பைக் கூட்டிப் பார்த்தால் 38.3தான் வருகிறது. தோற்றால் பூஜ்யம். 13 கிடைக்க 25ஐப் பணயம் வைக்கிறீர்கள். அதற்கு நூறில் 65 முறையாவது ஜெயிக்கும் கை வேண்டும். ஏஸ்-ராஜாவை வைத்துக்கொண்டு ராணி ஜோடிக்கு எதிராகப் போனால் 43தான்.

அதனால் பரிசு தொடங்க ஒருவர் இருவர் பாக்கி இருக்கும்போது கால் செய்வதை மிகவும் சுருக்கிக்கொள்ளுங்கள். மற்றவர்களும் இதே பயத்தில்தான் இருப்பார்கள். நீங்கள் அதிகச் சிப் வைத்திருந்தால் அந்த நேரத்தில் 2 பிளைண்ட் ரெய்ஸாகப் போட்டுக்கொண்டே இருங்கள். உங்களைவிட அதிகம் வைத்திருப்பவரிடம் மட்டும் மோதாதீர்கள். பக்கத்து மேசையில் ஒருவர் இரண்டே பிளைண்டோடு தொங்கிக்கொண்டிருந்தால் அவர் வெளியேறும் வரை பொறுங்கள். எழுந்து போய் எட்டிப் பார்ப்பதில் வெட்கமே இல்லை, எல்லோரும் பார்க்கிறார்கள்.

10. வாயும் கையும்

என்னைக் கவிழ்த்தது கணக்கு மட்டும் இல்லை, கையும்தான். இவற்றை மொட்டை மாடியிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

முதலில் வாயால் சொல்லுங்கள், பிறகு சிப்பைத் தொடுங்கள். 'ரெய்ஸ், மூவாயிரம்.' சொன்னது சொன்னதுதான், மாற்ற முடியாது. உங்கள் முறை வரும்வரை எதுவும் சொல்லாதீர்கள். முதலில் கொஞ்சம் வைத்துவிட்டு, கையைப் பின்னால் கொண்டுபோய் இன்னும் கொஞ்சம் எடுத்து வைத்தால் இரண்டாவது செல்லாது. 'உன் ஆயிரத்தைக் கால் செய்கிறேன், அதற்கு மேல் இன்னும் மூவாயிரம்' என்று வசனம் பேசினால் அது வெறும் கால்தான்.

முந்தைய ரெய்ஸ் எவ்வளவு கூட்டியதோ, அடுத்த ரெய்ஸ் குறைந்தது அவ்வளவாவது கூட்ட வேண்டும். 400 இருந்ததை 1,000 ஆக்கியிருந்தால் கூட்டியது 600, ஆகவே குறைந்தது 1,600.

சீட்டின் மேல் ஒரு சிப்பை வையுங்கள். இல்லாவிட்டால் டீலர் தவறுதலாக வாரிக்கொண்டு போகலாம், போனால் திரும்பாது. ஆட்டம் நடக்கும்போது ஃபோனைத் தொடாதீர்கள். கூட வந்த நண்பர் அதே மேசையில் உட்கார்ந்திருந்தால் ஆட்டத்துக்கு நடுவே அவரிடம் தமிழில் பேசாதீர்கள். 'என்னடா, சாப்டியா?' என்று கேட்டதற்கே என்னை எச்சரித்தார்கள். மற்றவர்களுக்கு அது சீட்டைச் சொல்வது மாதிரிதான் கேட்கும்.

இடைவேளை பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, பத்துப் பதினைந்து நிமிடம். அதற்குள் கழிப்பறை, தண்ணீர், அப்புறம் நோட்டு. பெட் கட்டிய ஒவ்வொரு கைக்கும் ஒரு வரி: எத்தனை பிளைண்ட் இருந்தது, குவியல் எவ்வளவு, எவ்வளவு கட்டினேன், எதற்கு. இரண்டாவது முறை கோவாவுக்குப் போனபோது 12 பேருக்குப் பரிசு, நான் 15ஆவது ஆளாக வெளியே வந்தேன். திரும்பி வரும் விமானத்தில் நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். 19 கை எழுதியிருந்தேன். அதில் ஏழு கைக்கு 'எதற்கு' என்ற இடம் காலியாக இருந்தது. ஏழையும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் அதே சீட்டை வைத்துத் திரும்ப ஆடிப் பார்த்தோம். ஐந்தில் செக் சொல்லியிருக்க வேண்டும். மீதி இரண்டை சித்தப்பா கால் செய்தார்.